அவுட்டரில் நிற்கிற வண்டி

ஈரோட்டில் ரயில் ஏறும் ஞாயிற்றுக்கிழமைகளில்
மாலை ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை.
காப்பி கிடையாது.
அம்மா தரும் மோர், அவள் பார்க்காதபோது, செம்பருத்திக்கு.
பன்னிரண்டு வருடமாக இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.
போன மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர்
கல் என்றார்.

எண்பது படுக்கை. நான்கு கதவு.
இடையில் பாதையில் நீட்டிய பாதங்கள், செருப்புகள்,
நீல விளக்கில் தூங்காத ஏதோ ஒரு கண்.
மேல் பெர்த்திலிருந்து இறங்குகையில்
துப்பட்டாவை இழுத்துக்கொள்வது
குளிருக்காக என்று ஒரு பாவனை.

இன்று கிருஷ்ணராஜபுரம் தாண்டி வண்டி நின்றுவிட்டது.
மணி நாலே முக்கால்.
தொங்குபாலத்து விளக்குகள் பின்னால் போய்விட்டன,
பையப்பனஹள்ளி இன்னும் வரவில்லை.
பெங்களூருக்கு வந்தாயிற்று,
பெங்களூர்தான் எங்களை உள்ளே விடவில்லை.

கழிப்பறை வாசலில் ஒரு பெண்.
இருபத்தைந்து இருக்கும்.
பிளாஸ்டிக் பை ஒன்றை வயிற்றோடு அணைத்திருந்தாள்.
கதவைத் தள்ளிக் காட்டினாள்:
தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்.
தெலுங்கோ கன்னடமோ, பாதிக்கு மேல் சொல்லவில்லை.
கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

பனியனும் பிரஷ்ஷுமாக ஒருவர் வந்தார்.
"உள்ளே ஆளா?"
"ஆமாங்க."
"வண்டி நிக்கும்போது போகக் கூடாது, போட்டிருக்கு பாருங்க."
போட்டிருக்கிறது. மூன்று மொழியில்.
அடியில் தொட்டி பொருத்திய பிறகும்
யாரும் அழிக்காத வாக்கியம்.
"அந்தப் பக்கம் காலியா இருக்கு" என்றேன்.
அவர் போகவில்லை. பிரஷ்ஷை மென்றபடி நின்றார்.

ஓடும்போது எல்லாச் சத்தமும் வண்டியின் சத்தம்.
நின்றுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் வந்துவிடுகிறார்:
குவளைச் சங்கிலி,
பை கசங்குவது,
குழாயைத் திறந்து திறந்து அவள் எதையோ மூடப் பார்ப்பது.
அதனால் நான் பேசத் தொடங்கினேன்.
அந்நியரோடு, விடியும் முன்னே,
எனக்குச் சுத்தமாக வராத வேலை.
எங்கே இறங்கணும், லைன்ல ஏதாவது வேலை நடக்குதா,
உங்க ஏரியாவில் தண்ணி வருதா,
டேங்கர் இப்போ என்ன விலை?
டேங்கர் என்றதும் அவர் குரல் ஏறியது.
நல்லது.
இன்னும் ஏறட்டும்.

வெளியே வந்தாள். வேறு சுடிதார்.
பை ஈரத்தில் கனத்திருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டாள், கதவுக்கு முதுகாக.

உள்ளே, கண்ணாடிக்குப் பக்கத்தில், மார்க்கரில்
சசிரேகா என்று ஒரு பெயர், பத்து எண்கள்.
கீழே ஒரு வரி. அதை இங்கே எழுத மாட்டேன்.
இப்படிப் பார்க்கும்போதெல்லாம்
சேஃப்டி பின்னால் ஒரு மூன்றை எட்டாக்கிவிடுவது என் வழக்கம்.
சின்ன வேலை. திருப்தியாகக்கூட இருக்கும்.
பின்னை வைத்த பிறகுதான் உறைத்தது:
எட்டு போட்டால், அதுவும் யாருடைய எண்ணோதானே?
பன்னிரண்டு வருடம்.
எத்தனை எட்டு.
எந்தெந்த ஊரில் யார் யார் எழுந்து
ராங் நம்பர் என்று சொன்னார்களோ,
சொல்ல வாய் வராமல் ஃபோனை அணைத்தார்களோ.

பத்தையும் சுரண்டினேன். பெயரையும்.
அந்த வரியையும்.
நேரமாயிற்று. நகத்துக்குள் நீலம்.
வெளியே அவள் கன்னடத்தில் ஏதோ கேட்க,
பனியன்காரர் மறுபடி முதலிலிருந்து
டேங்கர் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
அவளுக்கு டேங்கரைப் பற்றி என்ன கவலை?
சத்தமாக "ஹௌதா, ஹௌதா" என்றாள்.

வண்டி ஒருமுறை குலுங்கி நகர்ந்தது.

கன்டோன்மென்ட்டில் அவள் எனக்கு முன்னால் இறங்கினாள்,
திரும்பிப் பார்க்காமல் போனாள்.
பார்க்காததே சரி என்று பட்டது.
ஸ்டாலில் ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கி
அங்கேயே நின்று குடிக்க ஆரம்பித்தேன்.
பாதியில் கை தானாக மூடியைத் தேடியது:
ஆபீசுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்
பஸ்.